டேட்டா பிரதிப் பாதையும் இடையறாச் சோதனையும்

பழைய வர்த்தக சாலைகளிற் கணக்கெழுதிய முறையை நம்மிற் பலர் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்போம். அன்றாடம் நிகழும் வரவு செலவுகள் நிகழ்ந்த வரிசையிலேயே நாள்வழி என்னும் ஏட்டிற் பதியப்படும். பின்னர் அவை ஆள்வாரியாகப் பேரேட்டிற் பெயர்த்தெழுதப்படும். பேரேடு தீக்கிரையாயினும் நாள்வழி முழுவதும் எஞ்சியிருப்பின், முதற் பக்கந் தொடங்கிப் பேரேட்டை மறுபடியும் ஆக்கிக்கொள்ளலாம். நாள்வழியின் படியொன்றைத் தினந்தோறும் அயலூர்க் கிளைக்கு அனுப்பிவந்தால், அங்கும் அதே பேரேடு தானே உருவாகிவிடும். இக்காலத்து டேட்டாபேஸ்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓயாது பிரதியெடுக்கும் வித்தையின் சாரம் இதுவேயாம்.

போஸ்ட்கிரஸ் என்னும் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். அது எந்த மாற்றத்தையும் அட்டவணையிற் செய்து முடிக்குமுன், முதலில் ஒரு நாள்வழியில் எழுதிக்கொள்ளும். அந்த நாள்வழியை ஆங்கில முதலெழுத்துக்களாற் சுருக்கி 'வால்' என்று அத்தொழிலோர் வழங்குவர். பின்னே நீண்டுகொண்டே செல்லும் பொருளாதலின், தமிழிலும் அப்பெயர் பொருத்தமாகவே வாய்த்துவிட்டது. 2010-ல் வெளிவந்த 9.0 பதிப்பு முதல், இந்த வாலை அப்படியே இரண்டாவது சர்வருக்கு ஓடவிட்டு நகலொன்றை வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. 2014-ல் வந்த 9.4 பதிப்பில் அந்த வாலைப் பிறரும் படித்துப் பொருள் கொள்ளும்படி, இன்ன அட்டவணையில் இன்ன வரி சேர்ந்தது, இன்ன வரி நீங்கியது என்று பிரித்துக் கூறும் வசதி உண்டாயிற்று. 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில், வேண்டிய அட்டவணைகளை மட்டும் தேர்ந்து மற்றொரு டேட்டாபேஸுக்கு அனுப்பும் முறையும் சேர்ந்தது. டெபீஸியம் என்னும் கருவி இவ்வாறு வாலைப் படித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு செய்தியாக்கி, காஃப்கா என்னும் செய்திக் கிடங்கிற் சேர்க்கும். காஃப்கா லிங்க்ட்இன் நிறுவனத்திற் பிறந்து 2011-ல் பொதுவில் விடப்பட்டது. கிடங்கிலிருந்து செய்திகளை எடுத்து ஆராய்ச்சிக் கணக்கிலோ தேடும் பொறியிலோ வேறொரு டேட்டாபேஸிலோ எழுதுவது மற்றொரு கருவியின் வேலை. மூலத்திலிருந்து முடிவிடம் வரையுள்ள இந்த ஒழுங்கு முழுவதையும் பைப்லைன் என்பர். நாம் பிரதிப் பாதை எனலாம்.

இனிச் சோதனைச் சேவையைக் காண்போம். பலர் கூடி ஒரே மென்பொருளை எழுதுங்கால், ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மாதக்கணக்கில் தனியே வைத்திருந்து இறுதியில் ஒன்று சேர்ப்பது பெருந் தொல்லை விளைத்தது. ஆதலின் நாள்தோறும், கூடுமாயின் நாளிற் பலமுறையும், அவரவர் எழுதியதைப் பொது மூலத்திற் சேர்த்து உடனுக்குடன் சோதித்தல் வேண்டும் என்னும் கொள்கை 1990-களில் பரவிற்று. கென்ட் பெக் முதலியோர் அதனை வற்புறுத்தினர். மார்ட்டின் ஃபவுலர் 2000-ல் எழுதிய கட்டுரை அதனைப் பலரறியச் செய்தது. 2001-ல் குரூஸ்கன்ட்ரோல் என்னும் கருவி வந்தது. பின்னர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி ஹட்ஸன் என்னும் கருவியை ஆக்கினார். அதுவே 2011-ல் ஜென்கின்ஸ் எனப் பெயர் மாறியது. ஒருவர் தம் திருத்தத்தைப் பொது மூலத்திற்கு அனுப்பியவுடன், இத்தகைய சேவை தானே விழித்தெழுந்து, தற்காலிகமான ஓர் இடத்தில் அம்மென்பொருளைக் கட்டி, சோதனைகளை ஓட்டி, தேறிற்று அல்லது தவறிற்று என்று அறிவிக்கும். கண்டினியூவஸ் இன்டெக்ரேஷன் என்னும் நீண்ட பெயரைச் சி.ஐ. என்று சுருக்கி வழங்குவர்.

இவ்விரண்டையும் இணைக்கவேண்டிய அவசியம் யாது என்று கேட்கலாம். ஓர் உதாரணங் கூறுவேன். ஒரு கடையின் டேட்டாபேஸில் வாடிக்கைக்காரர் அட்டவணை இருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் ஒருவர் அதில் 'அலைபேசி' என்று புதிய பத்தியொன்றைச் சேர்க்கிறார். அவருடைய மென்பொருட் சோதனைகள் யாவும் தேறுகின்றன. ஏனெனில் அச்சோதனைகள் மூல டேட்டாபேஸை மட்டுமே அறியும். திருத்தம் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் முடிவிடத்திலுள்ள அட்டவணையில் அந்தப் பத்தி இல்லை. போஸ்ட்கிரஸின் அட்டவணைத் தெரிவுப் பிரதி முறையில் பத்திகள் பெயரைக்கொண்டே பொருத்தப்படுகின்றன. அட்டவணையின் அமைப்பு மாறிய செய்தியோ வாலின் வழியே மறுபுறஞ் செல்வதில்லை. ஆகவே முதல் வரி வந்து சேர்ந்தவுடன் அங்குள்ள எழுத்தன் பிழையென்று நின்றுவிடுகிறான், சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்கிறான், மீண்டும் நிற்கிறான். இவ்வளவோடு போயிற்றா? மறுபுறத்தான் இன்னும் படிக்கவில்லையே என்று, மூல டேட்டாபேஸ் தன் வாலை வெட்டாமற் காத்து வைக்கிறது. மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில், வால் நீண்டு நீண்டு வட்டு நிறைந்துவிடுகிறது. வட்டு நிறைந்தால் மூல டேட்டாபேஸ் எழுத இடமின்றி நின்றுபோம். ஆராய்ச்சிக் கணக்குக்காக வைத்த ஒரு நகலின் பிழையால் கடையே மூடப்படும் நிலை வருகிறது. புதிய பத்தியை முதலில் முடிவிடத்திலும் பின்னர் மூலத்திலும் சேர்த்திருந்தால் யாதொரு தொல்லையும் இராது. பத்தியை நீக்குவதாயின் இம்முறையைத் தலைகீழாகக் கொள்ளவேண்டும். இந்த ஒழுங்கு மனிதர் நினைவை நம்பி நடக்கத்தக்கதன்று. திருத்தம் ஏற்கப்படுமுன் யந்திரமே சோதித்துச் சொல்லுதல் நலம்.

சோதிப்பது எவ்வாறு? சி.ஐ. சேவை விழித்தவுடன், கன்டெய்னர் எனப்படும் சிறு சிறு அறைகளில், வெறுமையான மூல டேட்டாபேஸ் ஒன்றையும், இடையிலுள்ள கருவிகளையும், முடிவிட டேட்டாபேஸ் ஒன்றையும் எழுப்பவேண்டும். இவை ஒரு மணி நேரமேனும் உயிர் வாழ்வதில்லை. சோதனை முடிந்தவுடன் கலைந்துபோம். இங்கே முதன்முதலிற் செய்வார் பலரும் இடறும் கல் ஒன்றுண்டு. போஸ்ட்கிரஸ் இயல்பாக எழுதும் வாலில், வரிவரியாகப் பிரித்துரைப்பதற்கு வேண்டிய விவரம் முழுவதும் இராது. வால் எழுதும் அளவை 'லாஜிக்கல்' என்று அமைத்தல் வேண்டும். அவ்வமைப்பையும் டேட்டாபேஸ் துவங்கும்போது மட்டுமே படித்துக்கொள்ளும். துவங்கிய பின்பு அமைப்பை மாற்றிவிட்டு, பாதை ஓடவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை.

அறைகள் எழுந்த பின்பு, மூலத்தில் அட்டவணைகளைப் பழைய அமைப்பில் ஆக்கி, சில வரிகளை இட்டு, பாதையை ஓடவிட்டு, அதன் பின்னரே புதிய திருத்தத்தைச் செலுத்தவேண்டும். புதிய அமைப்பிலேயே தொடங்கிச் சோதித்தல் எளிது. ஆயினும் பயன் குறைவு. நடைமுறையிற் பாதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைப்பு மாறுகிறது. பழுதுகளிற் பெரும்பாலன அந்த மாறும் தறுவாயிலேயே நேர்கின்றன. திருத்தம் சென்றபின், வரிகளைச் சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் என்னும் மூன்றையும் செய்து பார்க்கவேண்டும். சேர்த்தலை மட்டும் சோதித்துத் திருப்தியடைவார் பலர். முதன்மைத் திறவுகோலாகிய அடையாளப் பத்தி இல்லாத அட்டவணையொன்று பிரதிப் பட்டியலில் இருப்பின், வரி சேர்வதற்குத் தடையில்லை. ஆனால் மாற்றவோ நீக்கவோ முயன்றால், எந்த வரி என்று மறுபுறத்திற்குக் கூறும் அடையாளம் இல்லையென்று மூல டேட்டாபேஸே அச்செயலை மறுத்துவிடும். கடையின் மென்பொருள் அன்றுவரை தடையின்றிச் செய்துவந்த ஒரு செயல், பிரதிப் பட்டியலில் அட்டவணையைச் சேர்த்த மாத்திரத்தில் நின்றுபோம் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு வரியின் அளவு சுமார் 2 கிலோபைட்டுக்கு மேற்பட்டால், போஸ்ட்கிரஸ் அதன் நீண்ட பகுதிகளைச் சுருக்கியோ வேறிடத்திலோ வைக்கும். அவ்வாறு வேறிடத்தில் வைத்த நீண்ட உரையைத் தொடாமல் வரியின் பிற பத்திகளை மட்டும் மாற்றினால், அந்த உரை வாலில் மறுபடி எழுதப்படுவதில்லை. அப்போது டெபீஸியம் உரையின் இடத்தில் 'மதிப்புக் கிடைக்கவில்லை' என்று பொருள்படும் அடையாளச் சொல்லொன்றை வைத்து அனுப்பும். முடிவிடத்து எழுத்தன் இதனை அறியாதவனாயின், ஏற்கெனவே சரியாக இருந்த கட்டுரையை அழித்து, அந்த அடையாளச் சொல்லையே அங்கு எழுதிவிடுவான். சோதனைக்கு நாம் இடும் வரிகள் 'அ', 'ஆ' என்று ஓரெழுத்துக்களாயிருப்பின் இப்பழுது ஒருநாளும் வெளிப்படாது. ஆதலின் சோதனை வரிகளுள் ஒன்றிரண்டேனும் பல கிலோபைட் நீளமுள்ளனவாக, எளிதிற் சுருக்க இயலாத எழுத்துக்களால் ஆக்கப்படவேண்டும்.

காத்திருத்தல் என்பது இவ்விணைப்பிலுள்ள சங்கடங்களிற் பெரியது. பிரதிப் பாதை உடனடியாகச் செயற்படுவதன்று; மூலத்தில் எழுதியது மறுபுறஞ் சேரச் சில விநாடிகள் செல்லும். பத்து விநாடி பொறுத்திருந்து பார் என்று சோதனையில் எழுதிவைப்பது வழக்கம். சேவையின் யந்திரம் சுமையின்றி இருக்கும் நாளில் பத்து விநாடி வீணாகும். சுமை மிகுந்த நாளில் பத்து விநாடி போதாமல், பழுதற்ற திருத்தமும் தவறிற்று என்று அறிவிக்கப்படும். இவ்வாறு காரணமின்றி இரண்டு முறை தவறினால், மூன்றாம் முறை உண்மையாகவே தவறும்போது எவரும் கண்ணெடுத்துப் பாரார். என் அபிப்பிராயத்தில், பொய்யாகத் தவறும் சோதனை இல்லாத சோதனையிலும் தீங்கானது. இதற்கு மாற்று, எல்லைக்கல் நாட்டுதல். மூலத்தில் எல்லா மாற்றங்களும் செய்தபின், கடைசியாக ஓர் அடையாள வரியை எழுதவேண்டும். அது மறுபுறந் தோன்றும்வரை அடிக்கடி எட்டிப் பார்க்கவேண்டும். தோன்றியவுடன் ஒப்புநோக்கத் தொடங்கலாம். இரண்டு நிமிஷமாயினும் தோன்றாவிடில் தவறிற்று என்று முடிக்கலாம்.

இந்த எல்லைக்கல் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். காஃப்காவிற் செய்திகளின் வரிசை ஒரு பகுப்புக்குள்ளேதான் காக்கப்படும். பகுப்புகளுக்கிடையே இன்னது முன், இன்னது பின் என்னும் உறுதி இல்லை. டெபீஸியமோ வழக்கமாக அட்டவணை ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தித் தலைப்பில் அனுப்பும். ஆகவே 'விற்பனை' அட்டவணையில் நாட்டிய கல் வந்து சேர்ந்ததைக் கொண்டு, 'வாடிக்கைக்காரர்' அட்டவணையின் மாற்றங்களும் வந்துவிட்டன என்று கொள்ளலாகாது. அட்டவணைக்கு ஒரு கல் வேண்டும். சோதனைக் கூடத்தில் தலைப்புக்கு ஒரு பகுப்பே வைத்துக்கொள்வது தொல்லையற்ற வழி.

ஒப்புநோக்குதல் என்னும் சொல்லை அச்சுக்கூடத்தார் நன்கறிவர். ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் அச்சுப்படியைப் பார்த்துவருவர். இங்கும் அதுவே. இருபுறமும் வரிகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறது என்பதோடு நிறுத்துவது, இரண்டு புத்தகங்களின் பக்கங்கள் சமமாதலின் இரண்டும் ஒன்றே என்பது போலாம். வரிவரியாக, பத்தி பத்தியாக ஒத்திருக்கவேண்டும். பணத்தொகைகள் பின்ன எண்ணாக மாறிக் கடைசி இலக்கத்தில் வேறுபடுவதும், கால மண்டலம் குறிக்கப்படாத நேரங்கள் சில மணி முன்பின்னாக நகர்வதும், வெறுமையான பத்தி வெற்றெழுத்தாக மாறுவதும் இக்கட்டத்தில்தான் அகப்படும்.

இனி, ஒவ்வொரு திருத்தத்திற்கும் தனி மூலம் எழுப்பாமல், நிலையான ஒரு சோதனை டேட்டாபேஸைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் இடங்களைப் பற்றிச் சில சொற்கள். வாலைப் படிப்பவன் ஒவ்வொருவனுக்கும் போஸ்ட்கிரஸ் 'ஸ்லாட்' என்னும் ஓர் இடக்குறியை வைத்திருக்கும். புத்தகத்தில் வைக்கும் அடையாள நாடா போல. அந்நாடாவுக்குப் பின்னுள்ள வாலை அது வெட்டாது. இயல்பாக 10 நாடாக்களுக்கு மேல் இடமில்லை. திருத்தத்தின் கிளைப் பெயரையே நாடாவுக்குச் சூட்டுவது வழக்கமாதலால், கிளைப் பெயரில் இடைக்கோடு இருந்தாற் சோதனை துவக்கத்திலேயே விழும். நாடாவின் பெயரிற் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தவிரப் பிற ஆகா. சோதனை நடுவே நிறுத்தப்பட்டால் நாடா அங்கேயே கிடக்கும்; படிப்பவன் போய்விட்டான், அவனுக்காகக் காக்கும் வால் மட்டும் வளரும். ஆதலின் சோதனை தேறினும் தவறினும் இடையில் நின்றாலும் நாடாவை அகற்றும் செயல் நடந்தேதீர ஏற்பாடு செய்யவேண்டும். அதுவும் தப்பும் என்றெண்ணி, நள்ளிரவில் பயனற்ற நாடாக்களைத் தேடி அகற்றும் துப்புரவு வேலை ஒன்றையும் சி.ஐ. சேவையிடமே ஒப்படைக்கலாம். 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பு முதல், ஒரு நாடாவுக்காக எவ்வளவு வால்வரை காக்கலாம் என்று எல்லை வகுக்கவும் இயலும்; ஆனால் நாமாக வகுக்காவிடில் எல்லையே இல்லை.

பிரதிப் பாதையைச் சோதிக்காமல் நம்புவதால் விளைவது என்ன என்பதற்கு, 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நேர்ந்த சம்பவத்தைக் காட்டிலும் தெளிந்த சான்று கிடைப்பதரிது. அந்நிறுவனமே சி.ஐ. சேவை அளிப்பது என்பது குறிப்பிடத்தக்கது. அன்று மாலை மிகுந்த சுமையால் இரண்டாம் டேட்டாபேஸ் பின்தங்கிற்று. அது படிக்குமுன்னரே முதலாவது தன் வாலின் பழம்பகுதியை நீக்கிவிட்டது. ஆகவே இரண்டாவதை வெறுமையாக்கிப் புதிதாகப் பிரதியெடுக்க வேண்டியதாயிற்று. நள்ளிரவு நெருங்கும் வேளையில், பல முறை முயன்று களைத்த பொறியாளர் ஒருவர், இரண்டாவது சர்வர் என்றெண்ணி முதலாவதன் டேட்டாவை அழிக்கும் கட்டளையை இட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார்; அதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சிற்று.

அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; பின்பு நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. நாள்தோறும் எடுத்துவைத்த காப்புப் பிரதியைத் தேடினர், கிடங்கு வெறுமையாயிருந்தது. பிரதியெடுக்கும் கருவி 9.2 பதிப்பினது, டேட்டாபேஸோ 9.6 பதிப்பினது, இரண்டும் பொருந்தாமையால் அவ்வேலை தவறியே வந்திருக்கிறது. தவறிற்று என்று அறிவிக்கும் மின்னஞ்சல்களும், ஒப்பமிடப்படாதவை என்று பெறும் சர்வரால் மறுக்கப்பட்டு, எவர் கண்ணிலும் படவில்லை. சுமார் 6 மணி நேரத்திற்கு முன் வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த பிரதி ஒன்றே கைகொடுத்தது. அதைக்கொண்டு மறுநாள் மாலை 18 மணியளவில், உலகப் பொது நேரப்படி, சேவை மீண்டது. சுமார் 5000 திட்டங்களும், 5000 குறிப்புகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிப்புற்றன. அந்நிறுவனத்தார் இவை யாவற்றையும் மறைக்காது வெளியிட்டதோடு, மீட்கும் வேலையை உலகமே காணும்படி ஒளிபரப்பியும் காட்டினர்.

காப்புப் பிரதியை எடுப்பது ஒன்று. அதிலிருந்து மீட்க இயலும் என்றறிவது வேறொன்று. நகல் டேட்டாபேஸ் காப்புப் பிரதியாகாது. மூலத்தில் ஒரு வரியை அழித்தால், பாதை செவ்வனே ஓடுமாயின், நகலிலும் அது அழிந்தே தீரும். ஆதலின் ஒவ்வொரு திருத்தத்திற்கும் நடக்கும் சிறு சோதனையேயன்றி, இரவுதோறும் காப்புப் பிரதியை ஒரு வெற்றறையில் விரித்து, வரிகளை எண்ணி, கடைசி வரியின் நேரம் எவ்வளவு பழையது என்று பார்க்கும் வேலையையும் சி.ஐ. சேவைக்கே கொடுக்கவேண்டும். அறிவிப்பும் தவறும்போது மட்டும் வருவதாயிராமல், தேறும்போதும் வருதல் வேண்டும். அப்போதுதான் ஒருநாள் அது வாராமற்போனாற் கேள்வி எழும்.

திறவுகோல்களைப் பற்றிக் கூறாமல் இவ்விஷயத்தை விடலாகாது. சி.ஐ. சேவைகளிற் பல நம்முடையன அல்ல. வேறொருவர் யந்திரத்தில் ஓடுவன. பாதையைத் தொட அவற்றிற்கு நாம் கடவுச்சொற்களைக் கொடுக்கிறோம். 2021-ல் கோட்கவ் என்னும் நிறுவனத்தின் சிறு நிரலொன்றை அயலார் திருத்திவிட்டனர். அந்நிரலை ஓட்டிய சோதனைக் கூடங்களிலிருந்த கடவுச்சொற்கள் ஜனவரி 31 முதல் வெளியே சென்றுகொண்டிருந்தன. ஏப்ரல் 1 அன்றே அது கண்டுபிடிக்கப்பட்டது. 2023 ஜனவரி 4 அன்று சர்க்கிள்சிஐ நிறுவனம், தங்களிடம் வைத்துள்ள இரகசியச் சொற்கள் அனைத்தையும் மாற்றிக்கொள்ளும்படி வாடிக்கைக்காரர்களை வேண்டிக்கொண்டது. அதன் பொறியாளர் ஒருவருடைய மடிக்கணினியிற் புகுந்த தீநிரலே அதற்குக் காரணம்.

பிரதிப் பாதைக்குரிய திறவுகோல் மற்றவற்றினும் பெரியது. போஸ்ட்கிரஸில் பிரதியெடுக்கும் உரிமை பெற்ற பெயர், இணைப்பு விதிகள் தடுக்காவிடில், டேட்டாபேஸ் முழுவதையும் அடியோடு படியெடுக்க வல்லது; ஒரு சிறு அட்டவணைக்காகக் கொடுத்த உரிமை அட்டவணையோடு நின்றுவிடுவதில்லை. இக்காரணத்தால் முன்னே கூறிய சோதனைகள் யாவும், கற்பித வரிகள் நிறைந்த தற்காலிக மூலத்தின்மீதே நடக்கவேண்டும். அங்கே காப்பதற்கு யாதும் இல்லை. உண்மைப் பாதையில் அமைப்பை மாற்றும் இறுதிக் கட்டம் தனியே நிற்கவேண்டும். அயலார் அனுப்பிய திருத்தம் அதனைத் தானே தொடங்கலாகாது. பொறுப்புள்ளவர் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே, அந்த ஒரு வேலைக்கென்று சில நிமிஷங்களில் காலாவதியாகும் சீட்டொன்று பிறக்கவேண்டும். இத்தகைய குறுங்காலச் சீட்டுகளை வழங்கும் வசதி இப்போது பெரிய சேவைகளிலெல்லாம் இருக்கிறது. அதனைப் பெற ஓரிரு நாள் அமைப்பு வேலை பிடிக்கும். நிலையான கடவுச்சொல்லை ஒட்டிவைக்கவோ ஐந்து நிமிஷமே போதும்.